வீ ப்ளே ‘ஷூட்டிங் ரேஞ்ச்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஆட்டம்?

ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு (டிவியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி) வந்த ‘வீ ப்ளே’ என்ற தொகுப்பில் முதலாவதாக இருக்கும் குறுவிளையாட்டு. தொகுப்பில் மொத்தம் ஒன்பது ஆட்டங்கள்: குறி பார்த்துச் சுடுவது, கூட்டத்தில் ஒரே மாதிரி முகத்தைக் கண்டுபிடிப்பது, டேபிள் டென்னிஸ், உருவத்தைக் குமிழுக்குள் பொருத்துவது, லேசர் ஹாக்கி, பில்லியர்ட்ஸ், மீன்பிடிப்பு, மாட்டின் மேல் ஏறிப் பாய்வது, டாங்கிச் சண்டை. ஜப்பானில் வீ கன்சோல் வெளியான அதே 2006 டிசம்பர் 2 அன்று இதுவும் வந்தது. சில நாளில் ஐரோப்பாவிலும், 2007 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வந்தது.

தொடக்கத்தில் ஒன்பதும் திறந்திருக்காது. ஒன்றை ஆடினால்தான் அடுத்தது திறக்கும். அதனால் இந்த வட்டைப் போட்ட எல்லோருமே முதலில் தொட்டது துப்பாக்கியைத்தான். ரிமோட்டைத் திரைக்கு நேரே நீட்டிக் குறிவைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் பாலபாடம் இது. பாலபாடம் என்று நினைத்து ஒரு முறை ஆடிவிட்டு நகர்ந்தவர்கள் நிறைய. நான் அப்படி நகராதவன். அதனால்தான் இத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படி ஆடுவது?

ரிமோட்டைத் திரையை நோக்கிப் பிடித்தால் ஒரு குறிவட்டம் தெரியும். கை போகிற பக்கம் அதுவும் போகும். ரிமோட்டின் அடியில், ஆள்காட்டி விரல் படும் இடத்தில், விசை போலவே வளைந்த ‘பி’ பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சுடும். கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஒருவராகவும் ஆடலாம், இருவராகவும் ஆடலாம்.

என்னென்ன சுற்றுகள் வரும்?

ஐந்து. முதலில் பலூன்கள். மெரினா மணலில் அட்டையில் வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்களே, அப்படிக் கட்டிய பலூன் அல்ல. இங்கே அவை மிதந்து மேலே போய்க்கொண்டே இருக்கும். அடுத்து வளையம் வளையமாக வரைந்த குறிப்பலகைகள். மூன்றாவது களிமண் தட்டு. துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் இயந்திரம் வானத்தில் வீசுமே, அதே வட்டத் தட்டு. நான்காவது தகர டப்பா. கடைசியில் பறக்கும் தட்டுகள் வந்து உங்கள் ‘மீ’ உருவங்களைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். தட்டைச் சுட்டால் மீ தப்பிக்கும். (மீ என்பது வீயில் நாமே கண், மூக்கு, முடி வைத்துச் செய்துகொள்ளும் பொம்மை மனிதர்.)

இவற்றுக்கு நடுவே திடீரென்று வாத்து ஒன்று குறுக்கே பறக்கும். அது யார் வீட்டு வாத்து என்பதைக் கீழே சொல்கிறேன்.

வேகமாகச் சுட்டால் அதிகப் புள்ளி கிடைக்குமா?

எல்லோரும் தப்பாக நினைக்கும் இடம் இது. எனக்கும் முதல் ஒரு வாரம் அப்படித்தான் போனது.

ஒரு குறியும் தவறாமல் தொடர்ந்து அடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு அடிக்கும் கிடைக்கும் புள்ளி ஏறும். ஒரு வெற்றுக் குண்டு போனால் அந்தத் தொடர் அறுந்து மறுபடி அடிமட்டத்துக்கு வந்துவிடும். ஆக, இருபது குண்டு சுட்டுப் பதினைந்து பட்டவரைவிட, பன்னிரண்டே சுட்டுப் பன்னிரண்டும் பட்டவர் முந்திவிட வாய்ப்பு உண்டு. விசையை டப் டப் என்று அழுத்தித் தள்ளுகிறவருக்கு இந்த ஆட்டம் ஒன்றும் தராது.

என் அக்கா பையன் எட்டு வயதில் இதை ஆட ஆரம்பித்தான். பலூன் கொத்து வந்ததும் கொத்தின் நடுவே பத்துக் குண்டு. நாலைந்து வெடிக்கும், மற்றதெல்லாம் காற்றில் போகும். “மாமா, நான்தான் நிறைய சுட்டேன், உனக்கு மட்டும் எப்படி அதிகம் வருது?” என்று சண்டை. ஒரு நாள் அவன் கையைப் பிடித்து, குறிவட்டம் பலூனுக்குள் முழுதாக நுழைந்த பிறகுதான் அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அன்று மாலைக்குள் என்னை ஜெயித்துவிட்டான். சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமோ என்று இன்றைக்கும் தோன்றும்.

பதக்கம் வாங்க என்ன செய்வது?

வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு படிகள். முதல் இரண்டும் சாதாரணமாக ஆடினாலே வரும். மேல் இரண்டும் தொடரைக் காப்பாற்றினால்தான் கைக்கு எட்டும்.

நான் செய்வது இதுதான். பலூன் சுற்றில் ஒரு குண்டைக்கூட வீணாக்காமல் தொடரைக் கட்டிவிடுவேன். அங்கே அவசரமே இல்லை, குறியும் பெரியது. குறிப்பலகைச் சுற்றில் திரையின் நடுவிலேயே கையை வைத்திருப்பேன். எந்த மூலையில் எழும்பினாலும் பாதித் தூரம்தான் போக வேண்டும். களிமண் தட்டில்தான் முக்கால்வாசிப் பேரின் தொடர் அறும். தட்டு மேலே ஏறும்போது துரத்தாதீர்கள். ஏறி, வேகம் தளர்ந்து, ஒரு கணம் நிற்பது போல இருக்கும் இடத்தில் குறிவட்டத்தை முன்கூட்டியே கொண்டுபோய்க் காத்திருங்கள். தட்டு தானாக வட்டத்துக்குள் வந்து விழும். டப்பாவுக்கும் இதே வித்தைதான்.

நிஜமான களிமண் தட்டுச் சுடுதலில் தட்டு போகும் திசையில் கொஞ்சம் முன்னே தள்ளிச் சுட வேண்டும். ரவை அங்கே போய்ச் சேர நேரம் பிடிக்கும் அல்லவா? இங்கே அந்தக் கணக்கு இல்லை. குறிவட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடி விழும். ஆனால் உங்கள் டிவி தாமதமாகப் படம் காட்டினால் நிலைமை மாறும். அது தனிக் கேள்வி, கீழே வருகிறது.

என் குறிவட்டம் நடுங்குகிறது, சில சமயம் காணாமலே போகிறது. ரிமோட் பழுதா?

பெரும்பாலும் ரிமோட்டில் கோளாறு இருக்காது, அறையில்தான் இருக்கும். ஏன் என்று புரிய, இது எப்படிக் குறிவைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

டிவி மேலேயோ கீழேயோ வைக்கும் அந்தச் சின்னக் கம்பியை ‘சென்சார் பார்’ என்கிறார்கள். பெயரே ஏமாற்று. அது எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். உணர்வது நம் கையில் இருக்கும் ரிமோட். அதன் முன்பக்கக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அகச்சிவப்பு மட்டும் பார்க்கும் ஒரு கேமரா இருக்கிறது. அது நான்கு ஒளிப்புள்ளிகள் வரை பின்தொடரும். ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்பதை 1024 × 768 கட்டத்தில் கணக்குப் போட்டு, ப்ளூடூத் வழியாக நொடிக்குச் சுமார் 100 முறை கன்சோலுக்குச் சொல்லும். இரண்டு புள்ளிகளும் கேமராவில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து, ரிமோட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கன்சோல் புரிந்துகொள்கிறது. டிவி எங்கே இருக்கிறது, எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது உங்கள் அறையைப் பாருங்கள். டிவிக்குப் பின்னால் சன்னல் இருந்து மாலை வெயில் அடிக்கிறதா? வெயிலில் அகச்சிவப்பு கொட்டிக்கிடக்கிறது. பக்கத்தில் பழைய குண்டு பல்பு எரிகிறதா? அதிலும் உண்டு. டிவி அலமாரியின் மேல் தட்டில் சாமி படம் வைத்து விளக்கு ஏற்றும் வீடா? அந்தச் சுடர் கேமராவுக்கு மூன்றாவது புள்ளி. சுடர் ஆட ஆட உங்கள் குறிவட்டமும் ஆடும். டிவியின் கண்ணாடித் திரையிலோ மேசைக் கண்ணாடியிலோ சென்சார் பார் பிரதிபலித்தாலும் இதே தொல்லைதான்.

தூரமும் முக்கியம். ஒரு மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை நின்று ஆடினால் சரியாக இருக்கும். ரொம்பக் கிட்டே போனால் இரண்டு முனையும் ஒருசேரக் கேமராவின் பார்வைக்குள் அடங்காது. தள்ளிப் போனால் இரண்டு புள்ளியும் நெருங்கி, ஒளியும் மங்கி, சின்ன நடுக்கம்கூடத் திரையில் பெரிதாகத் தெரியும். வீ அமைப்புகளில் சென்சார் பாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்க வழி உண்டு. பார் டிவிக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். அதை மாற்றிச் சொல்லியிருந்தால் வட்டம் எப்போதும் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் நடுங்கினால், பேட்டரியை மாற்றுங்கள். அதற்கு அப்புறம் நடுங்குவது உங்கள் கை.

சென்சார் பார் உடைந்துவிட்டது. மெழுகுவத்தி வைத்து ஆடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கேமராவுக்கு வேண்டியது இரண்டு அகச்சிவப்புப் புள்ளிகள். அவை எங்கிருந்து வருகின்றன என்று அது கேட்காது. இரண்டு மெழுகுவத்தியைச் சுமார் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் குறிவட்டம் வந்துவிடும். அகல் விளக்கிலும் இதே வேலை நடக்கும். நான் ஒரு கார்த்திகை அன்று வீட்டில் செய்து காட்டி, மாயம் தெரிந்தவன் என்று கொஞ்ச நேரம் பெயர் வாங்கினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் செய்ய முடியும் என்பதால் அந்தப் புகழ் வியர்வையோடு முடிந்தது.

சீரியல் செட் விளக்கு உதவாது. இப்போது வருபவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டும் தரும் எல்இடி. திரைச்சீலைக்கும் மரச்சாமானுக்கும் பக்கத்தில் நெருப்பு வைத்து ஆடுவதை ஒரு நாள் வேடிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூஎஸ்பியில் இணைக்கும் மாற்றுப் பார் மலிவாகக் கிடைக்கிறது.

ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தால் நன்றாக வருமா?

வராது. மேலே சொன்னதைத் தொட்டுத்தான் இதுவும். நிஜத் துப்பாக்கியில் கண், குழாயின் முனை, குறி மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். வீ ரிமோட் அந்தக் கோட்டைப் பின்பற்றுவதில்லை. உங்கள் டிவியின் அளவு தெரியாததால், ரிமோட்டின் மூக்கு சுட்டும் இடமும் வட்டம் நிற்கும் இடமும் சரியாக ஒன்றாக இருக்காது. திரையின் விளிம்புக்குப் போகப் போக அந்த வித்தியாசம் கூடும்.

அதனால் ரிமோட்டைப் பார்க்காதீர்கள். கண்ணருகே தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். முழங்கையை மடித்து இடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு, பார்வையைத் திரையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் அசையுங்கள். பார்க்கச் சினிமா வீரன் மாதிரி இருக்காது. புள்ளி வரும்.

துப்பாக்கி வடிவ ‘வீ ஜாப்பர்’ கூடு வாங்கினால் பயன் உண்டா?

அது 2007-ல் ‘லிங்க்ஸ் கிராஸ்போ ட்ரெய்னிங்’ என்ற ஆட்டத்தோடு சேர்ந்து வந்த வெறும் பிளாஸ்டிக் கூடு. உள்ளே மின்னணு எதுவும் இல்லை. அதன் விசையை இழுத்தால் உள்ளே ரிமோட்டின் ‘பி’ பொத்தான் அழுந்தும். ரிமோட்டை முன்னாலும், அதனோடு வயரில் இணையும் இன்னொரு கைக் கருவியான நன்சக்கைப் பின்னாலும் பொருத்தி இரண்டு கையால் பிடிக்க வேண்டும். நடுக்கம் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஷூட்டிங் ரேஞ்சுக்கு நன்சக்கே வேண்டாம். சட்டென்று மூலைக்கு மூலை தாவ வெறும் ரிமோட்தான் இலகு. குழந்தைகளுக்கு ஆசை இருந்தால் வாங்கிக்கொடுங்கள், புள்ளிக்காக வாங்காதீர்கள்.

அந்த வாத்து எங்கிருந்து வந்தது? ‘டக் ஹன்ட்’டின் தொடர்ச்சியா இது?

தொடர்ச்சி என்று சொல்ல முடியாது, வாரிசு என்று சொல்லலாம். ‘டக் ஹன்ட்’ 1984-ல் நின்டெண்டோ வெளியிட்ட துப்பாக்கி ஆட்டம். ஒரு வாத்து, இரண்டு வாத்து, களிமண் தட்டு என்று மூன்று விதமாக ஆடலாம். ஒவ்வொரு முறையும் மூன்றே குண்டு. மூன்றும் தவறினால் புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அந்த நாயைச் சுட வேண்டும் என்று ஆசைப்படாத குழந்தை உலகத்தில் இல்லை. வீ ப்ளேயில் பறக்கும் வாத்து அந்த ஆட்டத்து வாத்தேதான். களிமண் தட்டுச் சுற்றும் அங்கிருந்து வந்த சொத்து.

ஆனால் கதை 1984-ல் தொடங்கவில்லை. நின்டெண்டோ சீட்டுக்கட்டும் பொம்மையும் விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே ஒளித் துப்பாக்கி செய்தது. ஷார்ப் நிறுவனத்தில் ஒளி பட்டால் மின்சாரம் தரும் செல்களைக் கையாண்டவர் மசயுகி உஎமுரா. அவரும் நின்டெண்டோவின் பொம்மை வடிவமைப்பாளர் கன்பே யோக்கோயும் சேர்ந்த முயற்சியில் 1970-ல் ‘ஒளிக்கதிர் துப்பாக்கி’ பொம்மை வந்தது. துப்பாக்கி ஒளியை வீசும், குறியில் இருக்கும் செல் அதை உணரும். உஎமுரா பின்னால் நின்டெண்டோவில் சேர்ந்து ஃபேமிகாம் கன்சோலையே வடிவமைத்தார்.

அந்தப் பொம்மையைப் பெரிதாக்கி 1973-ல் ‘லேசர் கிளே ஷூட்டிங்’ என்ற அரங்கைத் திறந்தார்கள். ஜப்பானில் பௌலிங் மோகம் வடிந்து, அந்தக் கூடங்கள் காலியாகக் கிடந்த நேரம். அங்கே திரையில் களிமண் தட்டைப் பறக்கவிட்டு, வாடிக்கையாளரிடம் ஒளித் துப்பாக்கியைக் கொடுப்பது திட்டம். திறப்பு விழா அன்று, பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கும்போது, இயந்திரம் வேலை செய்யவில்லையாம். இளம் பொறியாளர் கென்யோ டகேடா பின்னால் ஒளிந்துகொண்டு, சுடுகிறவர் குறியை அடித்தாரா இல்லையா என்று பார்த்துக் கையாலேயே இயக்கிச் சமாளித்ததாகச் சொல்வார்கள். யாருக்கும் தெரியவில்லை, விழா வெற்றி. ஆனால் அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்து ஆர்டர்கள் ரத்தாகி, நின்டெண்டோ கடனில் மூழ்கியது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த கென்யோ டகேடாதான் முப்பது வருடம் கழித்து வீ கன்சோலின் வன்பொருள் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து களிமண் தட்டுக்குக் கணக்குப் பார்த்த மனிதர் செய்த பெட்டியில், முதல் ஆட்டத்தின் மூன்றாவது சுற்று களிமண் தட்டு. இந்த முறை இயந்திரமே பார்த்துக்கொண்டது.

பழைய டக் ஹன்ட் துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. புது டிவியில் வேலை செய்யுமா?

செய்யாது. அந்தத் துப்பாக்கி ஒளியை வீசுவதில்லை, வாங்குகிறது. விசையை இழுத்ததும் ஒரு கணம் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முதலில் இருட்டையும் உடனே வெளிச்சத்தையும் பார்த்தால் அடி பட்டது என்று கணக்கு. முதலில் இருட்டைக் கேட்பதால், பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாது. இரண்டு வாத்து இருந்தால் கட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மின்னும். எப்போது வெளிச்சம் வந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று முடிவாகும்.

இதெல்லாம் நொடியில் அறுபதில் ஒரு பங்குக் கணக்கு. பெரிய பெட்டி டிவியில் சமிக்ஞை வந்த கணமே திரையில் படம். தட்டை டிவி அந்தப் படத்தை வாங்கிப் பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி காத்திருந்து ‘தவறிவிட்டது’ என்று சொல்லிவிடும். துப்பாக்கியின் மின்சுற்றும் பெட்டி டிவியின் கதிர் வரையும் வேகத்துக்கே ஏற்ப அமைந்தது. வீ ரிமோட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது திரையைப் பார்ப்பதே இல்லை அல்லவா?

புது டிவியில் வீ ப்ளே ஆடும்போது எல்லாம் கொஞ்சம் தாமதமாகத் தெரிகிறதே?

குறி கண்டுபிடிப்பதில் தாமதம் இல்லை, படம் வருவதில்தான். வீ 480 வரிப் படம்தான் தரும் (ஐரோப்பியப் பெட்டி என்றால் 576 வரை). அதையும் பெட்டியோடு வரும் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரில் இணைத்தால் வரி விட்டு வரி வரும் பழைய சமிக்ஞை. பெரிய டிவி அதை இழுத்துப் பெரிதாக்க நேரம் எடுக்கும். டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள், பாதித் தொல்லை தீரும். ஐந்து முனை கொண்ட காம்போனன்ட் வயர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதுவரை களிமண் தட்டுக்குக் கொஞ்சம் முன்னே சுடுங்கள். நிஜத் துப்பாக்கிக்காரர் பழக்கம் கடைசியில் இங்கேயும் உதவும்.

இருவர் ஆடும்போது யார் அடித்தது என்று சண்டை வருகிறது.

வரத்தான் செய்யும். ஒரே திரை, ஒரே பலூன், இரண்டு துப்பாக்கி. முந்தியவருக்குப் புள்ளி, பிந்தியவரின் குண்டு வெற்றிடத்தில் போகும். அதனால் இருவர் ஆட்டத்தில் உத்தியே வேறு. எதிராளி குறிவைத்திருக்கும் பலூனை விட்டுவிட்டு வேறு பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம். திரையை ஆளுக்குப் பாதி என்று பேசிவைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தோம். இரண்டு நிமிடம்கூட அந்த ஒப்பந்தம் தாங்கவில்லை.

விமர்சகர்கள் இதைப் பெரிதாகச் சொல்லவில்லையே?

சொல்லவில்லை. விமர்சனங்களின் மதிப்பெண்ணைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் வீ ப்ளேயின் சராசரி 100-க்கு 58. ஆனால் விற்றது 2 கோடியே 80 லட்சம் பிரதிகள். எப்படி? அப்போது அமெரிக்காவில் தனி ரிமோட் 40 டாலர், ரிமோட்டோடு சேர்ந்த வீ ப்ளே 50 டாலர். வீட்டில் இரண்டாவது ஆளுக்கு எப்படியும் ரிமோட் வேண்டும். பத்து டாலர் கூடக் கொடுத்தால் ஒன்பது ஆட்டம். யார் விடுவார்கள்?

ஒன்பதும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். மீன்பிடிப்பு ஆளைத் தூங்க வைக்கும். உருவம் பொருத்துவது மணிக்கட்டு வலிக்கு மருந்து தேடவைக்கும். ஷூட்டிங் ரேஞ்சும் டாங்கிச் சண்டையும் மட்டும் தனியாக விற்றிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

பழைய வீ வாங்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு விஷயம், இரண்டுமே பணத்தைத் தின்னும். ஒன்று, வட்டுக்கும் கன்சோலுக்கும் பிராந்தியப் பூட்டு உண்டு. அமெரிக்கக் கன்சோலில் ஐரோப்பிய வட்டு ஓடாது, ஜப்பானியக் கன்சோலில் இரண்டுமே ஓடாது. இரண்டு, மின்சாரம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால், அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஒரே ஒரு ‘பட்’ சத்தம், அவ்வளவுதான். கடைக்காரர் ஒருவர் “முள்ளு மாத்திட்டா போதும் சார்” என்று நம்பிக்கையோடு சொல்லி விற்ற அடாப்டர் என் வீட்டில் அப்படித்தான் போனது. நல்லவேளை, கன்சோல் தப்பித்தது. 230 வோல்ட்டுக்கான மாற்று அடாப்டர் தனியாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். வீக்கு அடுத்து வந்த வீ யூ கன்சோலிலும் இந்த வட்டு ஓடும். அதற்கும் வீ ரிமோட்டும் சென்சார் பாரும் வேண்டும்.

நின்டெண்டோவின் பிந்தைய கன்சோலான ஸ்விட்சில் இதுபோல் ஒன்று இல்லையா?

2020-ல் வந்த ‘51 வேர்ல்ட்வைட் கிளாசிக்ஸ்’ தொகுப்பில் குறிசுடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் ஸ்விட்சுக்கு சென்சார் பார் கிடையாது. அதன் கைக் கருவியான ஜாய்கானின் உள்ளே இருக்கும் கைரோ, கை எவ்வளவு திரும்பியது என்பதை மட்டும் சொல்லும். எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆட ஆடக் குறி மெல்ல நகர்ந்துவிடும், அவ்வப்போது பொத்தானை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மோசம் என்று சொல்ல மாட்டேன். வீயில் பழகிய கைக்கு, நங்கூரம் இல்லாத படகு மாதிரி இருக்கும்.

சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் ஆடலாமா? துப்பாக்கி என்கிறீர்களே?

தாராளமாக. மனிதர் யாரையும் சுடும் ஆட்டம் இல்லை, ரத்தமும் இல்லை. பலூன், அட்டை, தட்டு, டப்பா, பறக்கும் தட்டு. பாவம் என்றால் அந்த வாத்து ஒன்றுதான். ரிமோட்டின் மணிக்கட்டு வாரை மட்டும் மாட்டச் சொல்லுங்கள். வீ வந்த முதல் மாதத்திலேயே கை நழுவிய ரிமோட்டுகள் டிவியைப் பதம் பார்க்க, நின்டெண்டோ 32 லட்சம் வார்களை மாற்றித் தந்தது. அது வீசி ஆடும் ஆட்டங்களால் வந்த வினை என்றாலும், உற்சாகம் ஏறினால் எதுவும் நடக்கும்.

எங்கள் வீட்டில் பாட்டிக்கும் ஒரு மீ செய்துவைத்தோம். வெள்ளைக் கொண்டை, பெரிய கண்ணாடி, மூக்குத்திக்கு வழி இல்லாததால் அந்த இடத்தில் ஒரு மச்சம். பாட்டி இரண்டாவது ரிமோட்டைப் பிடித்து முதல் நான்கு சுற்றில் ஏழு முறை சுட்டார், ஏழும் பட்டது. அவசரமே இல்லை. கடைசிச் சுற்றில் பறக்கும் தட்டு ஒன்று அந்தக் கொண்டைக்கார மீயைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. அக்கா பையன் பதறிப்போய்க் கண்மண் தெரியாமல் சுட்டான், மூன்றும் காற்றில் போயின. பாட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: “நான் போனாப் போறேன்டா, நீ ஏன் குண்டை வீணாக்குறே?”